மூடி ஊருக்குப் போயிருக்கு

இயந்திரத்தை ஓட விடுவதற்கு முன்னால் காமிராவின் முகத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துவிடுகிறார் சாவிக்காரர். சாவி வெட்டும்போது பித்தளைத் தூள் பறக்கும். அது லென்ஸில் ஒட்டிக்கொண்டால் துடைக்கத் துடைக்கக் கீறல்தான். அதனால் கொக்கியில் தொங்கும் காமிராவைத் தப்பு செய்த பிள்ளையை மூலையில் நிறுத்துவது போலத் திருப்பிவிட்டு, "ஒரு நிமிஷம்டா ராஜா" என்று அதனிடம் சொல்லிவிட்டு, அப்புறம்தான் பொத்தானை அழுத்துகிறார். வேலை முடிந்ததும் மேசையை ஊதித் துடைத்து, காமிராவைப் பழையபடி வெளியே பார்க்க வைக்கிறார்.

"இதுக்கு ஒரு மூடி வாங்கிப் போட்டா என்ன?" என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை.

"மூடி ஊருக்குப் போயிருக்கு. வந்துரும்" என்பார். கேட்டவர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு நகர்வார்.

ரயில் நிலையத்தையும் பேருந்து நிறுத்தத்தையும் இணைக்கும் சுரங்க நடைபாதையில் இருக்கிறது அவர் கடை. கடை என்று மரியாதைக்குச் சொல்கிறோம். மூன்று பக்கமும் வெட்டாத சாவிகள் தொங்கும் ஓர் அலமாரி, அவ்வளவுதான். சாவிக்காரரோ ஆஜானுபாகு. காலையில் அவர் கடைக்குள் நுழைவதைப் பார்த்தால், கடையை எடுத்துச் சட்டை போல மாட்டிக்கொள்கிறார் என்றுதான் தோன்றும். வயது அறுபதை எட்டிப் பார்க்கிறது. கண்ணாடி எப்போதும் நெற்றியில் இருக்கும்; அதை வீடெல்லாம் தேடுவதும் உண்டு.

அவரிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் தங்கள் மேலேயே கோபமாக வருகிறவர்கள். சாவியைத் தொலைத்தவர்கள், உள்ளே வைத்துப் பூட்டியவர்கள், பூட்டுக்குள்ளேயே ஒடித்தவர்கள். கணவனும் மனைவியுமாக வந்தால் சாவிக்காரர் வாயே திறக்க மாட்டார். "யார் தொலைச்சதுன்னு மட்டும் நான் கேக்க மாட்டேன். கேட்டா, வீட்டுக்குப் போய்ப் போடவேண்டிய சண்டைய இங்கயே போட்டுருவாங்க. இடம் பத்தாது" என்பார் பிறகு. சாவியைக் கையில் கொடுக்கும்போது அவருக்கென்று ஒரு வாசகம் உண்டு: "போட்டுப் பாருங்க. திறக்கலைன்னா வந்து என்னத் திட்டுங்க, கதவை உதைக்காதீங்க."

காமிரா அவர் கைக்கு வந்த கதை சின்னது. மேலே தெருவில் பழைய காமிராக்கள் விற்கும் கடையொன்றின் பூட்டை மாற்றப் போயிருந்தார். கடைக்காரர் பணப்பெட்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், சும்மா இருக்க வேண்டாமே என்று இதை எடுத்து இவர் கையில் கொடுத்தார். "இந்தாங்க, பாத்துக்கிட்டு இருங்க." பார்த்தார். அவ்வளவுதான், ஆள் விழுந்துவிட்டார். ஒரு மாதம் தினமும் மதியம் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று சாப்பிட்டிருக்கிறார். கடைசியில் கடைக்காரருக்கே மனசு கேட்காமல் விலையைக் குறைத்துக் கொடுத்தார்.

பார்ப்பவர்கள் அது ஃபிலிம் காமிரா என்றே நினைப்பார்கள். "டிஜிட்டல்தாங்க. ஆனா அந்த விஷயம் அதுக்கே தெரியாது" என்பார் சாவிக்காரர். திருகுகிற குமிழ் நாலே நாலு. ஒரே லென்ஸ், இழுத்துப் பெரிதாக்கிப் பார்க்கிற வேலையெல்லாம் கிடையாது. கிட்டே வேண்டுமா, நடந்து போக வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் கட்டைவிரலால் ஒரு நெம்புகோலைத் தள்ளியாக வேண்டும். அந்தத் தள்ளலில் அவருக்கு இருக்கும் சுகத்தைக் காது குடைகிறவர் முகத்தில்தான் பார்க்கலாம். பின்பக்கத்துத் திரையை மடித்து உள்பக்கமாகத் திருப்பி வைக்கலாம். திருப்பித்தான் வைத்திருப்பார். எடுத்த படத்தை உடனே பார்ப்பது, வேகிற பண்டத்தை நிமிடத்துக்கு ஒரு தரம் திறந்து பார்ப்பது போல என்று அவருடைய கட்சி. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில்தான் திரை திறக்கும்.

ஆனால் அவரை மயக்கியது இதெல்லாம் இல்லை. அந்த ஜன்னல்தான். மற்ற காமிராக்களில் லென்ஸ் வழியாகப் பார்ப்பார்கள். இதில் லென்ஸுக்குச் சம்பந்தமே இல்லாமல் மேல் மூலையில் தனியாக ஒரு கண்ணாடி ஜன்னல். அதன் வழியே உலகம் அப்படியே தெளிவாகத் தெரியும். நடுவில் மட்டும் ஒரு சின்னச் சதுரத்துக்குள் எல்லாமே இரண்டிரண்டாகத் தெரியும். எதிரே நிற்கிறவருக்கு இரண்டு மூக்கு, நாலு கண். லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருகத் திருக, ஓர் உருவம் மெல்ல நகர்ந்து வந்து மற்றதன் மேல் உட்காரும். உட்கார்ந்த நொடியில் படம் கூர்மையாகிவிட்டது என்று அர்த்தம். "சேர்ந்துருச்சு" என்பார் சாவிக்காரர், தனக்குள் சொல்வது போல. அப்புறம்தான் கிளிக். பழைய சாவியையும் புதிய சாவியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெட்டிப் பழகிய ஆளுக்கு இது பிடித்ததில் ஆச்சரியமில்லை.

இன்னொன்றும் உண்டு. படத்துக்கு எல்லை காட்டுகிற வெள்ளைக் கோடு ஜன்னலுக்குள்ளேயே தெரியும். கோட்டுக்கு வெளியே இருப்பதும் தெரியும். "யாரு உள்ள வரப்போறாங்கன்னு முன்னாடியே பாத்துரலாம். வாசல்ல நிக்கற மாதிரி." அதோடு, ஜன்னல் ஓரத்தில் இருப்பதால் காமிரா அவர் முகத்தை முழுசாக மறைப்பதில்லை. ஒரு கண் கண்ணாடிக்குள், மறு கண் வெளியே. எதிரில் நிற்பவர்களுக்கு இயந்திரத்தோடு சேர்த்துச் சாவிக்காரரின் பாதிச் சிரிப்பும் தெரிந்துகொண்டே இருக்கும். அதனால்தானோ என்னவோ, அவர் எடுக்கும் படங்களில் யாரும் விறைத்துக்கொண்டு நிற்பதில்லை.

நடைபாதையில் பாதிப்பேர் அவர் படத்தில் இருக்கிறார்கள். பெருக்குகிறவர் துடைப்பத்தின் மேல் தாடையை ஊன்றிக்கொண்டு நிற்கிறார். ரயிலைத் தவறவிட்ட ஆள் தன் பெட்டியையே திட்டிக்கொண்டிருக்கிறார். எதிர்க்கடைப் பூக்காரி கொட்டாவி விடுவது மட்டும் ஏழெட்டுப் படம் இருக்கும். அவளுக்கு அதில் கோபம்.

"ஏண்ணா, என் ரோஜாவ எடுங்கன்னா என் வாய எடுக்கறீங்க?"

"ரோஜாவுக்கு ரொம்பக் கிட்ட வரணும் தங்கச்சி. இதுக்குக் கிட்டப்பார்வை கிடையாது. உன் வாய்னா இங்கருந்தே தெரியுது."

ஊரையெல்லாம் படமெடுத்தவரிடம் இல்லாமல் இருந்தது ஒரே ஒரு முகம்தான். அது அவர் மனைவியுடையது.

நர்ஸம்மா என்றுதான் அக்கம்பக்கத்தில் அவருக்குப் பெயர். மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் மூத்த செவிலியர். மெலிந்த உடம்பு, வேகமான நடை, வீட்டிலும் வார்டிலும் ஒரே குரல். சாவிக்காரர் அந்தக் குரலுக்கு, "சரிங்க சிஸ்டர்" என்று பதில் சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டார். உலகத்தில் எல்லோரிடமும் முகம் கொடுத்துப் பேசுகிற நர்ஸம்மா, காமிராவுக்கு மட்டும் முகம் கொடுக்க மாட்டார். "என் மூஞ்சியில என்ன இருக்கு?" என்று திரும்பிக்கொள்வார். மருத்துவமனை அடையாள அட்டையில் இருக்கும் படத்தில், போலீஸ் பிடித்துக்கொண்டு போய் எடுத்தது போல இருப்பார்.

ஒரே ஒரு நாள் நின்றார். மகளின் கல்யாணத்தன்று.

பதிவு அலுவலகத்தில் எளிமையாக நடந்த கல்யாணம். கையெழுத்துப் போட்டு முடிந்ததும் உறவுக்காரர்கள் ஆளுக்கொரு போனைத் தூக்கிக்கொண்டு சூழ்ந்தார்கள். நர்ஸம்மா எல்லோரையும் கையமர்த்தி ஒதுக்கிவிட்டார். "எங்க வீட்டுக்காரர் எடுப்பார். அவருக்குத்தான் எடுக்கத் தெரியும்" என்றார், சபையறிய. மகளின் தோளில் கை போட்டு, தாடையைக் கொஞ்சம் உயர்த்தி, நேராகக் கணவரைப் பார்த்து, "எடுங்க" என்றார். சாவிக்காரருக்குத் தலை கால் புரியவில்லை. மகளும் அம்மாவும் ஜன்னலுக்குள் இரண்டிரண்டாகி ஒன்றானார்கள். "சேர்ந்துருச்சு, சேர்ந்துருச்சு" என்று சொல்லிச் சொல்லி எடுத்துத் தள்ளினார்.

மாலையில் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துத் திரையைத் திறந்தார். கறுப்பு. அடுத்தது, கறுப்பு. அதற்கடுத்ததும் கறுப்பு. காலையில் கல்யாணத்துக்கென்று காமிராவைப் பளபளவென்று துடைத்து, லென்ஸில் மூடியைப் போட்டவர், அதைக் கழற்றவே இல்லை. வேறு காமிரா என்றால் மூடி இருக்கும்போது எதுவும் தெரியாது, உடனே பிடிபட்டுவிடும். இதில் ஜன்னல் தனி, லென்ஸ் தனி. மூடி போட்டிருந்தாலும் ஜன்னலில் உலகம் ஜோராகத் தெரியும். திரையையும் உள்பக்கம் திருப்பி வைத்த ஆளுக்கு எச்சரிக்கை சொல்ல யாரும் இல்லை.

வீடே சிரித்தது. மாப்பிள்ளை கண்ணில் நீர் வரச் சிரித்தார். அசடு வழிய நின்ற சாவிக்காரரும், வேறு வழி தெரியாமல், கூடவே சிரித்துவிட்டார். நர்ஸம்மா எழுந்து போய்க் காலிக் கோப்பைகளைக் கழுவ ஆரம்பித்தார். கழுவிய கோப்பைகளையே இன்னொரு தரம் கழுவினார். மகளின் கல்யாணத்தில் ஊரார் போன்களில் எல்லோரும் இருந்தார்கள். போன்களை ஒதுக்கிவிட்ட நர்ஸம்மா மட்டும் ஒன்றில்கூட இல்லை.

அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிச் சண்டை போடவில்லை. ஒரு வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டார். சாவிக்காரர் உப்பு வாங்க மறந்தாலும், குடையை விட்டுவிட்டு வந்தாலும், "மூடியக் கழட்டினீங்களா?" என்பார். காமிராவைத் தூக்கினாலோ, உள்ளங்கை வந்துவிடும். அறுவைக்கூடத்துக்குள் நுழையப் பார்க்கும் உறவினரைத் தடுக்கிற அதே உள்ளங்கை. சாவிக்காரரிடம் அந்தக் கையின் படங்கள் பல கோணங்களில் இருக்கின்றன. கைரேகைக்காரரிடம் காட்டினால் ஆயுளைச் சொல்லிவிடுவார்.

மகள் இப்போது வேறு தேசத்தில் இருக்கிறாள். பிள்ளைப்பேறுக்குத் துணையாக அம்மா வந்து பல மாதம் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். நர்ஸம்மா நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாரானார். கடையைப் போட்டுவிட்டு இவர் போவதற்கில்லை. பயணம் முடிவான அன்றைக்குச் சாவிக்காரர் தன் அலமாரிக் கடையில் ஒரு கொக்கியைக் காலி செய்தார். அதில் மனைவியின் படம் ஒன்று தொங்க வேண்டும். வண்டியேறுவதற்குள் அந்த முகம் ஒருமுறை அவரைப் பார்த்தாக வேண்டும். இத்தனை காலம் கூட இருந்தவள், தன் மேல் அந்த வருத்தத்தோடேயே போய்விடக் கூடாது என்பதுதான் அவருக்குள் இருந்த உண்மையான பயம்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் ஒரு வேட்டை நடந்தது. நர்ஸம்மா துணி மடிக்கும்போது கதவிடுக்கில் ஒரு காமிரா. பெட்டி மேல் உட்கார்ந்து மூடும்போது அலமாரிப் பக்கத்திலிருந்து ஒரு காமிரா. கிடைத்ததெல்லாம் பின்னந்தலையும் முழங்கையும்தான். "ஆபரேஷனுக்கு மயக்க மருந்து குடுக்க வர்றவர் மாதிரி ஏன் பதுங்கிப் பதுங்கி வர்றீங்க?" என்று திரும்பிப் பார்க்காமலே கேட்டார் நர்ஸம்மா. கடையில் பூக்காரி தினமும் விசாரிப்பாள்.

"அக்கா மாட்டினாங்களாண்ணா?"

"எங்க மாட்டறது? பூட்டுக்குச் சாவி போடலாம், இவங்களுக்கு என்னத்தப் போடறது?"

"கேட்டுப் பாத்தீங்களா?"

"என்னன்னு?"

"படம் எடுத்துக்கட்டுமான்னு. வாயால."

சாவிக்காரர் காமிராவுக்கு மூடியைப் போட்டுவிட்டு, அவசரமே இல்லாத ஒரு சாவியை வெட்ட ஆரம்பித்தார்.

கிளம்புகிற நாள் மதியம். விமான நிலையத்துக்குப் போகும் ரயில் அவர் கடைக்கு மேலேதான் நிற்கும். இரண்டு பெட்டிகளையும் அவரே தூக்கிக்கொண்டு படியேறினார். காமிராவை மழைக்கோட்டுக்குள் மறைத்துத் தொங்கவிட்டிருந்தார்.

"உள்ள என்ன, புள்ளையா?" என்றார் நர்ஸம்மா.

சாவிக்காரர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

நடைமேடையில் கூட்டமில்லை. லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. நர்ஸம்மா நின்ற இடத்திலேயே வார்டு ரவுண்ட்ஸைத் தொடங்கினார். "பிரஷர் மாத்திரை காலையில. சாப்பிட்டுட்டு. வெறும் வயித்துல போட்டுட்டு எனக்குப் போன் பண்ணாதீங்க."

"சரிங்க சிஸ்டர்."

"அடுப்ப அணைச்சீங்களான்னு பாத்துட்டுக் கதவச் சாத்துங்க. சாவி..."

"சாவிய நான் பாத்துக்கறேன்."

அதற்கு நர்ஸம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் இருவரும் தண்டவாளத்தைப் பார்த்தார்கள். பேச்சு இல்லாவிட்டால் பிரிவு வந்து நடுவில் நின்றுகொள்ளும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. சாவிக்காரர் கோட்டுப் பொத்தானைக் கழற்றிக் காமிராவை வெளியே எடுத்தார். ஆனால் கண்ணுக்குக் கொண்டுபோகவில்லை. வயிற்றோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒரே ஒரு படம் எடுத்துக்கட்டுமாம்மா?"

நர்ஸம்மாவின் உள்ளங்கை பாதி எழுந்துவிட்டது. அதற்குள் அவர் அவசரமாகச் சொல்லி முடித்தார். "அன்னிக்கு நீ எனக்காக நின்ன. நான் பாழாக்கிட்டேன். அதுகூடப் பரவால்ல. எல்லாரும் சிரிச்சப்ப நானும் சேர்ந்து சிரிச்சேன் பாரு... சிரிச்சிருக்கக் கூடாதும்மா."

எழுந்த கை அப்படியே நின்றது. இத்தனை நாளாகத் தான் எதிர்பார்த்திருந்தது இந்த ஒரு வரியைத்தான் என்று நர்ஸம்மாவுக்கே அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். மூக்கு நுனி சிவந்துவிட்டது. கையைக் கீழே போடாமல் முன்னே நீட்டினார். லென்ஸின் மேலிருந்த மூடியைப் பிடித்து ஒரு இழுப்பு. வந்துவிட்டது. அதை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கைப்பைக்குள் போட்டார். பை வாயின் ஜிப்பை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் இழுத்து மூடினார்.

"இப்ப எடுங்க."

தாடை கொஞ்சம் உயர்ந்தது. சாவிக்காரர் நெம்புகோலைத் தள்ளிவிட்டு ஜன்னலில் கண்ணை வைத்தார். சதுரத்துக்குள் இரண்டு நர்ஸம்மா நின்றார்கள், ஒருவர் தோள் மேல் ஒருவர் சாய்ந்தாற்போல. வளையத்தைத் திருகினார். வலப்பக்கத்தவர் மெல்ல நகர்ந்து வந்து இடப்பக்கத்தவரோடு பொருந்தினார். நரைத்த முன்முடி ஒன்றானது, கோபக்காரப் புருவம் ஒன்றானது, அவரை நேராகப் பார்க்கிற கண்களும் ஒன்றாயின.

"சேர்ந்துருச்சா?" என்றார் நர்ஸம்மா, உதடு அசையாமல்.

"இன்னும் இல்ல."

எப்போதோ சேர்ந்துவிட்டது. மயிரிழை பிசகில்லை. ஆனால் அழுத்திவிட்டால் அவர் திரும்பிக்கொள்வார். காமிராவுக்கு வெளியே இருந்த கண்ணாலும் சாவிக்காரர் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னுமா?"

"கொஞ்சம் இரும்மா."

வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, ஜன்னலின் ஓரத்தில், ரயிலின் முன்விளக்கு வளைவில் திரும்பியது தெரிந்தது. யார் உள்ளே வரப்போகிறார்கள் என்று முன்னாடியே காட்டிவிடும் என்று அவர் பெருமையடித்துக்கொள்கிற அதே ஜன்னல்தான். அன்றைக்கு அந்தப் பெருமை அவருக்கு வேண்டியிருக்கவில்லை. விளக்கு பெரிதாகிக்கொண்டே வந்து கோட்டைத் தொட்டது.

"என்னங்க, வண்டி வந்துருச்சு."

"தெரியுது" என்றார். அழுத்தினார்.

பெட்டிகளை ஏற்றிவிட்டு இறங்கியவர் மூடிக்காகக் கையை நீட்டினார். நர்ஸம்மா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டார். "அது என்கிட்டயே இருக்கட்டும். வந்து தர்றேன். அதுவரைக்குமாவது மறக்காம இருப்பீங்கல்ல" என்றார். கதவு சாத்திக்கொண்டது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, மாத்திரை விழுங்குவது போலக் கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினார். வண்டி நகர்ந்தது.

சாவிக்காரர் படியிறங்கி வரும்போது தூறல் சற்று வலுத்திருந்தது. கூரை ஒழுகும் இடங்களில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. காமிராவைக் கோட்டுக்குள் வைக்கவில்லை. மார்பின் மேல் தொங்கவிட்டு, இடது உள்ளங்கையால் லென்ஸைப் பொத்திக்கொண்டு நடந்தார். பூக்காரி வாளியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"அக்கா வண்டியேறிட்டாங்களாண்ணா? படம்?"

"சேர்ந்துருச்சு" என்றார்.

"எங்க, காட்டுங்க."

"ஞாயித்துக்கிழமை" என்று சொல்லிவிட்டுக் கடைப் பூட்டை ஒற்றைக் கையால் திறக்கப் பார்த்தார். சாவி வழுக்கிக் கீழே விழுந்தது. பூக்காரி வந்து எடுத்துக் கொடுக்கும் வரை அப்படியே நின்றார். லென்ஸைப் பொத்தியிருந்த கையை மட்டும் எடுக்கவில்லை.